ஒரே ரேக், நாலு மருந்து: மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கு எந்த மூக்கு ஸ்ப்ரே?

மெடிக்கல் ஷாப்பில் "மூக்கடைப்புக்கு ஒரு ஸ்ப்ரே குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஓட்ரிவின் அல்லது நாசிவியான். இரண்டும் வேலை செய்யும். அடித்த சில நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும். ஆனால் அமிட்ரிப்டிலின், வென்லாஃபாக்ஸின், மிர்டஸபின் என்று ஏதாவது ஒன்றைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அந்த ரேக்கில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுவல்ல. மூக்கு ஸ்ப்ரே என்று ஒரே பெயரில் நாலு விதமான மருந்துகள் நிற்கின்றன. மனச்சோர்வு மாத்திரையோடு உண்மையில் முட்டுவது அதில் ஒன்றுதான். இன்னொன்று தூக்கத்தைக் கூட்டும். மற்ற இரண்டும் அநேகமாக வம்புக்கு வராதவை.

முதல் சிக்கல் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. ஓட்ரிவின் என்றால் ஸைலோமெட்டாஸோலின் 0.1%. ஓட்ரிவின் ஆக்ஸி என்றால் ஆக்ஸிமெட்டாஸோலின் 0.05%. அதே ஓட்ரிவின் பெயரில் வெறும் உப்புநீரும் விற்கிறது. நாசிவியான் ஆக்ஸிமெட்டாஸோலின், அந்தப் பெயரிலும் குழந்தைகளுக்கான உப்புநீர்த் துளி உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். "ஸோலின்" என்று முடிந்தால் அது ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பை எடுக்கும் ஜாதி.

முட்டுவது இந்த ஜாதிதான். மூக்கின் உள்தோலில் வீங்கிக் கிடக்கும் ரத்தக்குழாய்களை இது இறுக்குகிறது. சரியாக அடித்தால் மூக்கோடு நின்றுவிடும். அளவு மீறினாலோ, தொண்டையில் வழிந்து விழுங்கப்பட்டாலோ உடம்பில் சேர்ந்து ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் தொடும். ஸைலோமெட்டாஸோலின் பெட்டிக்குள் வரும் தாளில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கும். எம்.ஏ.ஓ. தடுப்பு மாத்திரை (மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தடுக்கும் வகை) எடுப்பவர்களுக்கும், அதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகாதவர்களுக்கும் கூடவே கூடாது. டிரைசைக்ளிக் (அமிட்ரிப்டிலின் போன்றவை), டெட்ராசைக்ளிக் வகை மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கு நல்லதல்ல. மிர்டஸபின் இந்த இரண்டாம் வரிசையில் வரும் என்பது பலருக்குத் தெரியாது.

எம்.ஏ.ஓ. தடுப்பு மாத்திரையை மனச்சோர்வுக்கு நம் ஊரில் இப்போது அரிதாகத்தான் எழுதுகிறார்கள். அதற்காக அந்த வரியைத் தாண்டிவிடாதீர்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் செலிஜிலின், ரசாஜிலின் இரண்டும் அந்தக் குடும்பம். மருந்துக்கு மசியாத காசநோய்க்கு மாதக்கணக்கில் தரும் லைனஸோலிடுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. இந்த மூன்றில் எதை எடுப்பவரானாலும், டாக்டரைக் கேட்காமல் "ஸோலின்" ஸ்ப்ரேயைத் தொட வேண்டாம்.

டிரைசைக்ளிக் விஷயத்தில்தான் நம் ஊர் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். "நான் டிப்ரஷன் மாத்திரை எல்லாம் சாப்பிடுறதில்லையே" என்பார்கள். சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கு எழுதும் காபாபென்டின், பிரீகாபலின் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் "என்.டி." என்று இருந்தால், உள்ளே நார்ட்ரிப்டிலின் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு ராத்திரி 10 மில்லிகிராம் என்று கொடுப்பது அமிட்ரிப்டிலின். படபடப்புக்குத் தரும் ஃப்ளூபென்டிக்சால் கூட்டு மாத்திரையில் இருக்கும் மெலிட்ராசென் அதே இனம். வாங்கியது நரம்பு டாக்டர் சீட்டாக இருந்தாலும் ரத்த அழுத்தக் கணக்கு மாறாது.

வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின் ஆகியவற்றுக்குத் தாளில் அந்த அளவு தடை இல்லை. ஆனால் இவை தாமாகவே அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. வென்லாஃபாக்ஸினில் டோஸ் கூடக்கூட அதுவும் கூடும். ஏற்கெனவே பி.பி. இருப்பவர் மேலே ஒரு சுருக்கும் மருந்தையும் அடித்தால் சுமை இரட்டை. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸெடின் எடுப்பவர்களுக்கு நேரடி மோதல் இல்லை. பி.பி. சரியாக இருந்தால் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, மூன்று நாள், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடித்த பிறகு பிளக்கிற தலைவலி, நெஞ்சு அடித்துக்கொள்வது, பார்வை மங்குவது வந்தால் அழுத்தம் பாருங்கள். 180/120-ஐத் தாண்டியிருந்து இந்த அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரமில்லை.

ஃப்ளோமிஸ்ட், மெட்டாஸ்ப்ரே, ஃப்யூராமிஸ்ட் ஆகிய ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்களுக்குத்தான் எங்கள் ஓட்டு. முதலாவதில் ஃப்ளூடிகசோன் புரோபியோனேட் 50 மைக்ரோகிராம், அடுத்ததில் மொமெட்டசோன் 50, கடைசியில் ஃப்ளூடிகசோன் ஃபியூரோயேட் 27.5. தூசி, மகரந்த அலர்ஜிக்கு நிஜமான மருந்து இவைதான். ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில்லை. வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் எதனோடும் சண்டை இல்லை. ஓசிடிக்கு (ஒரே எண்ணம், ஒரே செயல் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) தரும் ஃப்ளூவாக்ஸமின் மட்டும், ஃப்ளூடிகசோனை உடைக்கும் கல்லீரல் நொதியைக் கொஞ்சம் மந்தமாக்கும். மூக்கில் அடிக்கிற அளவுக்கு அது பயப்பட வேண்டிய விஷயமல்ல; மாதக்கணக்கில் அதிக டோஸ் போடாமல் இருந்தால் போதும்.

இவற்றின் குறை வேகம். இன்று அடித்தால் இன்றே திறக்காது. முழுப் பலன் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகலாம். "இது வேலைக்கு ஆகல" என்று நாலாம் நாள் தூக்கிப் போடுபவர்கள்தான் திரும்ப "ஸோலின்" பக்கம் போகிறார்கள்.

இன்னொரு குறை மூக்கில் ரத்தம். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் வகையறா ரத்தத் தட்டணுக்களில் இருக்கும் செரடோனினைக் குறைத்து, ரத்தம் உறைவதைச் சற்றுத் தளர்த்தும். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ உள்தோலை உலர்த்திக் கீறும். கூடவே ஆஸ்பிரினும் சேர்ந்தால் சளி சிந்தும்போது கைக்குட்டையில் சிவப்பு தெரியும். காரணம் பெரும்பாலும் மருந்தைவிட நுனியைப் பிடிக்கிற கோணம். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். தலையை நிமிர்த்தாமல் லேசாகக் குனிந்து, மெதுவாக இழுத்தால் போதும். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். புது பாட்டிலைக் குலுக்கி, காற்றில் ஆறேழு முறை அழுத்தி, சீரான தூவல் வந்த பிறகே மூக்கில் வையுங்கள். ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம்.

அலர்ஜியை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மருந்தான அசெலாஸ்டின் இருப்பது டுவோனேஸில், பெயருக்குப் பின்னால் "ஏ.இஸட்." போட்டு வருவனவற்றிலும். கால் மணி நேரத்தில் தும்மலை அடக்கும் கெட்டிக்கார மருந்து, வாயில் கசக்கும். மூக்கில்தானே அடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், இதில் கணிசமான பங்கு ரத்தத்துக்குப் போகிறது. மிர்டஸபின், அமிட்ரிப்டிலின், டிரசோடோன் எடுப்பவருக்குக் காலையில் தூக்கக் கலக்கம் இரண்டு மடங்காகத் தெரியும். முதல் நாலைந்து நாள் பைக் ஓட்டாமல் பாருங்கள். மதுவும் இதுவும் கூடவே கூடாது.

உப்புநீர் ஸ்ப்ரேயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த மாத்திரையோடும் எத்தனை முறையும் அடிக்கலாம்.

ஸ்ப்ரேயோடு சேர்த்து மான்டெலுகாஸ்ட் - லெவோசெட்ரிசின் மாத்திரை எழுதுவது இங்கே வாடிக்கை. மான்டெலுகாஸ்டுக்கு, மனநிலை மாற்றமும் தற்கொலை எண்ணமும் வரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020-ல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பவர் இதை ஈ.என்.டி. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருமலும் இருந்தால் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த சிரப் வேண்டாம். எஸ்சிடலோபிராம், வென்லாஃபாக்ஸின் போன்று மூளையில் செரடோனினைக் கூட்டும் மாத்திரைகளோடு அது நேரடியாக மோதும்.

மூக்கடைப்பே மாத்திரையால் வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது. டிரசோடோனின் பக்கவிளைவுப் பட்டியலில் அது இருக்கிறது. ராத்திரி மாத்திரை, ஒரு மணி நேரத்தில் அடைப்பு, உடனே ஓட்ரிவின், இரண்டு வாரத்தில் ஓட்ரிவின் இல்லாமல் மூச்சே விட முடியாத நிலை: சங்கிலி இப்படித்தான் கோத்துக்கொள்கிறது. இதற்காக டிரசோடோனைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். எழுதியவரிடம் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்ப்ரேயிலிருந்து மீள ஒரு வழி: ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை இரண்டு பக்கமும் தினமும் தொடங்கி, ஓட்ரிவினை ஒரு பக்கம் மட்டும் முதலில் நிறுத்துவது. அந்தப் பக்கம் நாலைந்து நாள் அடைத்துக் கிடக்கும். இடையில் உப்புநீர் அடித்துக்கொள்ளலாம். அது தானாகத் திறந்ததும் மறுபக்கத்தையும் விட்டுவிடலாம்.