மன்னார் வளைகுடாவில் சுற்றுலாப் படகுத்துறை: காங்கிரீட் ஜெட்டியா, மிதவை ஜெட்டியா?

பவளப்பாறைக்குப் பக்கத்தில் பொதுமக்களுக்கு ஒரு படகுத்துறை என்று சென்னையில் கோப்பு திறந்தால், முதல் வரைபடத்தில் பெரும்பாலும் காங்கிரீட் ஜெட்டிதான் இருக்கும். பைல் (கடலடியில் ஊன்றும் தூண்) இறக்கத் தெரிந்த ஒப்பந்ததாரர்கள் நிறைய, விலைவிகிதமும் கையில் இருக்கிறது. இருந்தும் மண்டபம், கீழக்கரைப் பக்கத்துக் கரைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது மிதவை ஜெட்டி. 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் ஒட்டிப் பார்கள், அதாவது பவளப்பாறைகள், கிடக்கின்றன. கரையில் எதைக் கட்டினாலும் அதன் கலங்கல் அங்கே போய்ச் சேரும்.

கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பி, உள்ளே படுகை தோண்டும் மூன்றாவது யோசனையும் வரும். அதற்கு நீண்ட பதில் வேண்டாம். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதையும் வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்ததையும் பார்த்த ஊர் இது.

ஏறி இறங்கும் வசதியில் மிதவைதான் மேல். புயலெழுச்சிக்காகக் காங்கிரீட் தளத்தை உயர்த்திக் கட்ட வேண்டும்; பிறகு படகுக்குப் படிக்கட்டு தேவைப்படும். மிதவை மேடை படகின் விளிம்பு உயரத்திலேயே நிற்கும், முதியவர்கள் அப்படியே கால் வைக்கலாம். பாரம் தாங்குவதில் காங்கிரீட்தான். மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றும் துறைக்கு மிதவை சரிவராது.

முடிவைத் தீர்மானித்தது இவையெல்லாம் அல்ல, தூர்வாரல்தான்.

ஒரு கணக்கு. கண்ணாடி அடித்தளப் படகு அரை மீட்டருக்குச் சற்று மேல் மூழ்கும். இயந்திர விசிறி அடிமண்ணைக் கிளறாமலிருக்க, வற்றத்தின்போதும் ஒன்றரை மீட்டர் தண்ணீர் வேண்டும். கரை மெல்லச் சரிவதால் அந்த ஆழம் 80 மீட்டர் தள்ளிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு இரண்டு பைல் என்றால் காங்கிரீட் ஜெட்டிக்கு 34 பைல். மதிப்பீடு எகிறியதும் முதலில் வெட்டப்படுவது நீளம். 80 மீட்டர் 50 ஆகும். அங்கே ஆழம் போதாது, ஆகவே ‘ஒரே ஒரு முறை’ தூர்வாரல் என்று திட்டத்தில் ஒரு வரி நுழையும். அடுத்த கச்சான் (தென்மேற்குக் காற்று) பருவத்தில் அலை மணலைத் தள்ளிக் குழியை மூடிவிடும். அதன்பின் ஆண்டுதோறும் அதே வேலை, அதே அனுமதி, அதே செலவு. முட்டுக்காட்டு முகத்துவாரம் மணலால் அடைபடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

தூர்வாரும்போது பெருமணல் அங்கேயே படிந்துவிடும். நுண்ணிய சேறுதான் நீரோட்டத்தோடு போகும். பவள உயிரி அதைக் கோழை சுரந்து தள்ளப் பார்க்கும், அதற்கே சக்தி கரையும். கலங்கிய நீரில் ஒளி குறைவதால், திசுவுக்குள் வாழும் பாசி உணவு தயாரிப்பதும் குறையும். சேறு படிந்த பாறையில் இளம் பவளம் ஒட்டாது. ஏப்ரல், மே மாத வெப்பத்தில் ஏற்கெனவே வெளுக்கும் பாருக்கு இது இரண்டாவது அடி. 2010இலும் 2016இலும் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. சேறுதடுப்புத் திரை கட்டுகிறோம் என்பார்கள். நீரோட்டம் மணிக்கு ஒரு கடல் மைலைத் தாண்டினால் திரை படுத்துவிடும், சேறு அடியிலும் மேலிலும் தப்பிவிடும்.

மிதவையில் இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை, ஏனென்றால் நீளத்தைக் கூட்டுவது மலிவு. கரையோடு இணைக்க 10 மீட்டர் கீல் பாலம், அப்புறம் இரண்டரை மீட்டர் அகலத்தில் 70 மீட்டர் மேடை. அரை மீட்டர் சதுர எச்டிபிஈ பிளாஸ்டிக் பெட்டிகள் 700 போதும், மேடை நகராமல் பிடிக்கும் வழிகாட்டித் தூண்கள் பத்து, பதினொன்று. மணல் இடம் மாறினால் இன்னும் ஒரு துண்டைக் கோத்து நீட்டலாம். தூண்களை நீரோட்டம் குறைந்த நாட்களில் இறக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை வேண்டவே வேண்டாம். துளையிடும் முறையானால் இரும்பு உறை அடிவரை போக வேண்டும், துளை சரியாமலிருக்க ஊற்றும் பென்டோனைட் களிமண் குழம்பு கடலில் விழக் கூடாது.

பராமரிப்பு இல்லாத அமைப்பு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். பெட்டிகளைக் கோக்கும் முளைகள் தளரும், மாதம் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். கீல் பாலத்தின் அச்சு துருப்பிடிக்கும். தூண் நீர்மட்டத்தில்தான் முதலில் அரிக்கும், நீருக்குள் இருக்கும் பகுதியைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டிகளையும் காலத்தில் மாற்ற வேண்டும். பெட்டி நேரடியாக இரும்பில் உராய்ந்தால் பிளாஸ்டிக் துகள் உதிரும், ஆகவே இடையில் உருளை அவசியம். கொட்டலசு (பெட்டியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரி) பிடித்தால் நீருக்குள் சுரண்டாமல், ஒரு துண்டைக் கழற்றிக் கரையேற்றி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டுச் சுரண்டலாம். செம்பு கலந்த பெயின்ட் பூசத் தேவையில்லை. மேடை நிழலில் கடற்புல் நலியும் என்பதால் மணல் தரைக்கு மேல்தான் அமைக்க வேண்டும். வற்றத்தில் எந்தத் துண்டும் தரைதட்டக் கூடாது.

அலைதான் மிதவையின் பலவீனம். கொச்சி வாட்டர் மெட்ரோவின் மிதவை மேடைகள் காயல் நீரில் நிற்பவை. அந்த அனுபவத்தைத் திறந்த கடலுக்கு அப்படியே நீட்ட முடியாது. பெட்டி மேடைக்கு அரை மீட்டர் அலைவரைதான் நாங்கள் துணிந்து சொல்வோம். தென்கடலான மன்னார் வளைகுடா கச்சானில் கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா வாடையில் (வடகிழக்குக் காற்றில்). ஆகவே தென்கடல் துறையை அந்த மாதங்களில் மூடுவதைத் தொடக்கத்திலேயே வருமானக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஓட வேண்டும், ஒதுக்கமான இடமும் இல்லை என்றால் காங்கிரீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்போது முழு நீளத்தையும் கட்ட வேண்டும். பணம் போதாவிட்டால் தூர்வாரலுக்குப் போகாமல் குறைவாக மூழ்கும் படகை வாங்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் மேடையை 7 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அரை டன் அளவில், டிராக்டரால் சாய்தளம் வழியே இழுத்துவிடலாம். சாய்தளமும் 200 சதுர மீட்டர் காலி நிலமும் வரைபடத்தில் இல்லாவிட்டால் இந்த வசதி ஏட்டோடு நின்றுவிடும்.

அனுமதிக்கு, 1:4000 அளவில் கடற்கரை ஒழுங்குமுறை வரைபடம் முதலில் தேவை. அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் தயாரித்துத் தரும். பவளமும் கடற்புல்லும் உள்ள பகுதி அதில் முதல் வகை. பவளம் 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. டீசல் சேமிப்பும் கழிப்பறையும் கரையிலேயே இருக்கட்டும்.

எந்த ஜெட்டியானாலும் பாரருகே படகு நங்கூரம் போடக் கூடாது. படகுக்கு ஒன்றாக நிலையான போயா (படகைக் கட்டும் மிதவை) வேண்டும். பாறையில் அல்ல, மணல் திட்டில் திருகு நங்கூரம் இறக்கி, கயிற்றின் நடுவே சிறு மிதவை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு தொய்ந்து, காற்று திரும்பும்போதெல்லாம் பாரைத் தேய்க்கும். இந்தப் போயாக்களையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முக்குளித்துச் சோதிக்கும் செலவையும் ஜெட்டி டெண்டரிலேயே சேர்க்க வேண்டும். தனி டெண்டராகப் பிரித்தால் ஜெட்டி முதலில் திறக்கும், போயா வரும்வரை படகுகள் பாரின் மேல்தான் நங்கூரம் போடும்.