கெளுத்திக்குப் போட்ட இரை ஆமைக்கு: எந்த வழி எடுபடுகிறது?

தூண்டிலில் மிதக்கும் தக்கை ஒரு முறை சிலிர்த்துவிட்டு நிற்கும். அப்புறம் எருமை கயிற்றை இழுக்கிற மாதிரி மெதுவாக ஒரே பக்கமாக நகரும். கெளுத்தி இப்படி இழுக்காது. இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரே முழுக்காகத் தக்கையை உள்ளே கொண்டுபோய்விடும். சந்தேகமாகத் தூண்டில் நரம்பைச் சுற்றிப் பார்த்தால் முள் இரையில்லாமல் மொட்டையாக இருக்கும், இல்லையென்றால் மிச்சமிருக்கும் கோழிக்குடல் துண்டில் கத்தரி வைத்தது போலப் பிறை வடிவில் ஒரு வெட்டு இருக்கும். கெளுத்தியின் வாயில் நறுக்கும் பல் கிடையாது, அரம் மாதிரி சொரசொரப்புதான் உண்டு. நண்டு என்றால் இரையை நார் நாராகப் பிய்த்து வைத்திருக்கும். சுத்தமாக நறுக்கியிருந்தால் ஆமை.

நம் ஏரி குளங்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் இரண்டு பேர். ஒன்று பாலாமை. ஓடு வழுவழுப்பாக இருக்கும், மூக்கு பன்றி மூக்கு மாதிரி நீண்டிருக்கும், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டால் தோல் மடிப்பு கதவு போல மூடிக்கொள்ளும். இன்னொன்று முதுகில் மூன்று வரப்பு ஓடும் கறுப்பு ஆமை. செத்த மீன், தவளை, நத்தை என்று எதையும் விடாத பாலாமைதான் தூண்டில்காரனுக்குப் பெரிய தொல்லை.

இதற்கு வழி கேட்டால் முதலில் வரும் பதில் “இரையை மாத்திப் பாரு” என்பதுதான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் அலைந்தேன். இப்போது என் எண்ணம் வேறு. ஆனால் இரையை ஒப்பிடாமல் அந்தப் பேச்சுக்கு வர முடியாது.

கோழிக்குடலும் ஈரலும் கெளுத்திக்கு உயிர். மீசை மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சுவை அறியும் மீன் அது. கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பாமல் வாடை பிடித்தே வரும். சிக்கல் என்னவென்றால் ஆமையும் அப்படித்தான் வரும். குடல் போட்டால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போகிறது, ஈரலோ ஆமை ஒரு கடி கடித்தாலே கரைந்துவிடுகிறது. மண்புழுவின் வாடை இவ்வளவு தூரம் போகாது. அதனால் ஆமை வர நேரமாகும், ஆனால் வந்தால் புழு ஒரு வாய்க்குக் காணாது. கூடவே சின்ன ஜிலேபி மீன் வேறு கொத்தித் தின்னும்.

மாவு உருண்டை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மைதாவும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து போட்டால் ஆமைத் தொல்லை குறைவது உண்மைதான். கெளுத்தியும் குறைந்துவிடும். கெண்டையும் ஜிலேபியும் வேண்டுமென்றால் சரி. கெளுத்தி தேடிப் போனவனுக்கு அது வேறு பேருந்தில் ஏறின கதை.

உயிர் அயிரையும் கெண்டைக்குஞ்சும் தனி ரகம். முதுகுத் துடுப்புக்குக் கீழே லேசாகக் கோத்துவிட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளுகிற மீனை ஆமை துரத்திப் பிடிப்பது அபூர்வம், அதற்கு ஓசிச் சாப்பாடுதான் இஷ்டம். வாளையும் பெரிய கெளுத்தியும் விடாது. ஆனால் குஞ்சு களைத்து அடியில் சாய்ந்த நிமிடத்திலிருந்து அதுவும் செத்த இரைதான். பத்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அத்தனை குஞ்சுக்கு எங்கே போவது?

அடுத்தது கெட்டியான இரை. கோழிக் கடையில் கந்தனக்காய் (கோழியின் அரைவைப் பை) கேட்டு வாங்கி, உப்புப் பிரட்டி ஒரு இரவு வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஈரலாக இருந்தால் தையல் நூலை இறுகச் சுற்றிக் கட்டலாம். இரை சட்டென்று போகாது, உண்மைதான். இதைப் புகழ்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. மெத்தென்ற இரை என்றால் ஆமை நறுக்கிக்கொண்டு போய்விடும், நமக்கு நட்டம் ஒரு துண்டு ஈரல். கெட்டியான இரையை அது விடாமல் மென்று விழுங்கப் பார்க்கும், முள்ளில் மாட்டிக்கொள்ளும். இரை திருடும் ஆமையைவிட மாட்டிய ஆமை பத்து மடங்கு பெரிய தலைவலி. அதனால் கந்தனக்காயை ஆமை நிறைந்த குளத்துக்கு நான் எடுத்துப்போவதே இல்லை. ஓடும் ஆற்றில் மட்டும்தான்.

ஆக, இரையை மாற்றினால் ஆமை குறைகிற அளவுக்குக் கெளுத்தியும் குறைகிறது, இல்லையென்றால் செலவும் வேலையும் கூடுகிறது.

என் கணக்கை மாற்றியது ஒரு பெரியவர். மதகு ஓரம் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான் நாலாவது தடவை வெறும் முள்ளைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அடியில போட்டா ஆமைக்குப் பந்தி வெச்ச மாதிரி. ஒரு முழம் தூக்கிக் கட்டு.”

அதுவரை நான் ஈயக்குண்டைப் போட்டு இரையைத் தரையில் கிடத்திவிட்டுக் காத்திருப்பவன். கெளுத்தி அடிமட்ட மீன், தரையில்தான் தேடும் என்பது பாடம். பாடம் தப்பில்லை. ஆனால் ஆமையும் தரையில்தான் மூக்கால் துழாவிக்கொண்டு வருகிறது. இரையை ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம் தூக்கினால் அது மேயும் பாதையிலிருந்து விலகிவிடுகிறது. கெளுத்திக்கு ஒரு முழம் எழும்புவது பெரிய விஷயமில்லை. இன்னொரு லாபமும் உண்டு. ஏரிச் சேற்றில் கிடத்தின இரை பாதி புதைந்துபோகும், தொங்குகிற இரையின் வாடை தடையில்லாமல் பரவும்.

தூக்குவதற்கு ஓடும் தக்கை வேண்டும். நரம்பில் ஒரு நூல் முடிச்சு, அதற்குக் கீழே ஒரு சின்னப் பாசிமணி, அதற்கும் கீழே நடுவில் துளையுள்ள தக்கை. வீசும்போது தக்கை கீழே ஈயத்தோடு இருக்கும், தண்ணீரில் விழுந்ததும் நரம்பு அதன் துளை வழியாக ஓடி, முடிச்சில் முட்டி நிற்கும். ஆழம் பார்க்க முள்ளிலேயே ஒரு கூடுதல் ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் நரம்பு அதிகம், முடிச்சைக் கீழே இறக்க வேண்டும். தக்கை முழுகிவிட்டால் நரம்பு போதவில்லை, மேலே ஏற்ற வேண்டும். நட்டுக்குத்தலாக நின்று தலை மட்டும் தெரிந்தால் ஆழம் சரி. அங்கிருந்து முடிச்சை ஒரு முழம் கீழே இறக்கிவிட்டு, கூடுதல் ஈயத்தைக் கழற்றிவிடலாம். ஐந்து நிமிட வேலை, அன்று முழுக்க மிச்சமாகும் இரைக்கு இது மலிவு.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. காற்றடித்தால் தக்கை கரைக்கே வந்துவிடும். உள்ளங்கை நீளச் சின்னக் கெளுத்தி தரையை விட்டு அவ்வளவாக எழும்பாது, அதனால் எண்ணிக்கை குறையும். எனக்குச் சின்னதை இழப்பதில் வருத்தமில்லை, குழம்புக்கு நாலு இருந்தால் போதும் என்பவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம்.

பகலா இரவா என்ற கேள்வியில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். அங்கே இரை திருடும் ஆமைகளில் முக்கியமானது சிவப்புக் காது ஆமை. அது பகல் பிராணி, மரக்கட்டையில் ஏறி வெயில் காயும், இருட்டினால் அடங்கிவிடும். அதனால் “இரவில் போ” என்பது அங்கே நல்ல யோசனை. குளிர்காலத்தில் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஆமைகள் அசையாமல் கிடக்கும், அப்போதும் நீலக் கெளுத்தி இரை எடுக்கும் என்பது அவர்களுக்குக் கிடைத்த இன்னொரு வசதி. நம் ஏரித் தண்ணீர் மார்கழியிலும் அந்தப் பக்கம் போகாது. நம் கறுப்பு ஆமையோ பொழுது சாய்ந்த பிறகுதான் சுறுசுறுப்பாகும். அப்படியும் நான் மாலை ஐந்தரைக்கு மேல்தான் போகிறேன். இருட்டினால் இங்கே ஆமை குறைவதில்லை, கெளுத்தி கூடுகிறது, அதனால் பந்தயம் கொஞ்சம் நம் பக்கம் சாய்கிறது. கரையில் பாம்பும் இருக்கும், டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

இடம் மாறுவதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை, பிடித்த இடத்தை விட மனசு வராது. கோரை மண்டிய ஆழமில்லாத ஓரம், ஆகாயத்தாமரை ஒதுங்கிய மூலை, தண்ணீருக்குள் சாய்ந்த மரம் எல்லாம் ஆமை வீடு. என் விதி எளிது: கால் மணி நேரத்தில் இரண்டு இரை நறுக்கப்பட்டால் முப்பது நாற்பது மீட்டர் தள்ளிப் போவேன். மதகுப் பக்கத்து ஆழம், இல்லையென்றால் வரத்துக்கால் ஏரியில் சேரும் இடம். வடகிழக்குப் பருவமழையில் புதுத் தண்ணீர் இறங்கும்போது கெளுத்தி அந்த வாயில்தான் கூடும், ஓட்டம் இருப்பதால் ஆமை அங்கே அதிகம் நிற்காது. சித்திரை வைகாசியில் ஏரி குட்டையாகச் சுருங்கி ஆமையும் மீனும் ஒரே தொட்டியில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டால் எந்த வழியும் எடுபடாது. அந்த மாதங்களில் நான் தூண்டிலை எடுப்பதில்லை.

ஆமைக்குத் தனியாக ஒரு மூலையில் குடலைக் கொட்டிவிட்டு மறு மூலையில் தூண்டில் போடச் சொல்வார்கள். ஒரு முறை செய்தேன். அரை மணி நேரம் அமைதி, அப்புறம் ஏரியில் இருந்த அத்தனை ஆமையும் இந்தப் பக்கம் வந்த மாதிரி இருந்தது.

முள்ளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்ன செய்தாலும் வருடத்தில் ஒன்றிரண்டு ஆமை மாட்டத்தான் செய்யும். வழக்கமான நீள முள்ளை ஆமை விழுங்கினால் தொண்டையில் குத்தும். நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள் பெரும்பாலும் தாடை ஓரத்தில் மாட்டுகிறது, கெளுத்திக்கும் அதே இடம்தான். வட்ட முள்ளுக்கு வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை விட வேண்டும், மெதுவாகச் சுற்றினாலே போதும். எனக்கு அந்தப் பழக்கம் போக ஒரு வருடம் ஆனது. முள் நுனியில் திரும்பி நிற்கும் சின்னக் கூர்முனையைக் குறட்டால் நசுக்கி வைப்பதும் உதவும்.

ஆத்திரத்தில் ஆமையைக் கல்லில் அடிப்பவர்களையும், கறிக்குக் கொண்டுபோகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள், செத்த மீனைத் தின்று குளத்தைச் சுத்தமாக வைப்பதும் அதுதான்.

மாட்டிவிட்டால் நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், வலையாலோ ஈரத் துணியாலோ கரைக்குக் கொண்டுவாருங்கள். பாலாமையின் கழுத்து நினைப்பதைவிட நீளம், பக்கவாட்டில் பிடித்தால் திரும்பிக் கடித்துவிடும். ஓட்டின் பின்பகுதியில், பின்னங்கால்களை ஒட்டிப் பிடிக்க வேண்டும். தலையில் ஈரத் துணியைப் போட்டால் கொஞ்சம் அடங்கும். முள் வெளியே தெரிந்தால் நீள மூக்குக் குறடால் வந்த வழியே திருப்பி எடுங்கள். உள்ளே போயிருந்தால் தோண்டாமல், வாய்க்குப் பக்கத்தில் நரம்பை வெட்டிவிட்டுத் தண்ணீரின் விளிம்பில் வையுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் கிடக்கும், செத்துவிட்டதோ என்று தோன்றும். அப்புறம் மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, சேற்றில் ஒரு கோடு இழுத்தபடி உள்ளே போய்விடும்.