பிகே, ஈகே, எஃப்கே: பால் ஸ்க்ரூவைத் தாங்கும் பிளாக்கில் எதை எங்கே போடுவது

சாட்ஸ்வர்த்தில் சமையலறை அலமாரி செய்யும் ஒரு அங்கிள் போன மாதம் போன் செய்தார். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வயதில் மூத்தவர் என்றால் சொந்தமோ இல்லையோ அங்கிள்தான். "தம்பி, வட்டம் வெட்டச் சொன்னா நாலு இடத்துல படி மாதிரி விழுது, ஒரு தடவை வந்து பாரு" என்றார். கம்ப்யூட்டர் ஓட்டும் அந்த மரம் வெட்டும் ரூட்டரை அவரும் மகனும் சேர்ந்து கட்டினார்கள். எல்லா அச்சிலும் பால் ஸ்க்ரூ, நட்டுக்குள் குண்டுகள் உருள நகர்த்தும் திருகுத் தண்டு. அளவு 1605, அதாவது 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. நட்டில்தான் ஆட்டம் என்று நினைத்து புது நட்டும் வாங்கி மாட்டிவிட்டார், படி மட்டும் போகவில்லை.

போய்ப் பார்த்தேன். மோட்டாருக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்க்ரூ முனையில் லேத் சென்டருக்காகப் போட்ட குழி இருக்கும். அதில் துளி கிரீஸ் வைத்து ஒரு சின்ன பேரிங் குண்டை ஒட்டி, குண்டின் மேல் டயல் கேஜின் தட்டை முனையை வைத்தேன். மோட்டாரை ஆனில் விட்டு, வெட்டும் தலையைச் சுமந்து நகரும் பாலமான காண்ட்ரியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளச் சொன்னேன். முள் 0.08 மி.மீ. ஆடியது. ஸ்க்ரூவே நீளவாக்கில் போய் வருகிறது, வட்டத்தில் அச்சு திசை திரும்பும் நாலு இடத்திலும் அதுதான் படியாக விழுகிறது, அப்புறம் நட்டை எத்தனை தடவை மாற்றி என்ன?

மோட்டார் பக்கத்தில் ஸ்க்ரூ முனையைத் தாங்கும் பிகே12 பிளாக்கைக் கழற்றினோம். உள்ளே இருக்க வேண்டியது 7001 வகை ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் ஜோடி, இருந்தது இரண்டு 6001. இரண்டுக்குமே உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 என்பதால் பிளாக் மூடியிருக்கும்போது வித்தியாசம் துளிகூடத் தெரியாது. விற்றவர் பெட்டியில் பிகே12 என்று ஒட்டியிருந்தார், அளவும் பிகே12-தான், ஆனால் வேலைக்கு ஆகாது. 6001 சாதாரண டீப் குரூவ் பேரிங்: பக்கவாட்டுச் சுமைக்கு நல்லது, ஆனால் நீளவாக்கில் தள்ளினால் உள்ளே இருக்கும் இடைவெளி அளவுக்கு ஆடித்தான் நிற்கும். ஆங்குலர் காண்டாக்டில் குண்டு சாய்ந்த கோணத்தில் உட்காருவதால், ஒரு ஜோடியை எதிரெதிராக வைத்து இறுக்கினால் அந்த இடைவெளி இல்லாமலே போய்விடும்.

அதனால் பிகே-யா ஈகே-யா என்று எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான் என் கருத்து. சி7 துல்லியத் தர ஸ்க்ரூ 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. வரை பிசகலாம், அதைச் சகித்துக்கொள்ள முடியாமல் கூடுதல் காசு கொடுத்து இன்னும் துல்லியமான சி5 வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களே பிளாக் விஷயத்தில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூவின் நகர்வுப் பிழையை மென்பொருளில் ஓரளவு திருத்திக்கொள்ளலாம், ஆடும் பிளாக்கை அப்படித் திருத்த முடியாது.

சரி, உள்ளே போடுவதில் மூன்று நிலை இருக்கிறது. 6001-ஐ விட்டுவிடுவோம். அடுத்தது 7001 ஜோடி, அதற்கும் மேலே பால் ஸ்க்ரூவுக்கென்றே செய்யும் 60 டிகிரி கோண பேரிங்குகள்: என்எஸ்கே-யின் டிஏசி வரிசை, ஐஎன்ஏ-யின் இசட்கேஎல்எஃப் போன்றவை. இசட்கேஎல்எஃப் வெளி வளையத்திலேயே போல்ட் ஓட்டைகளோடு வருவதால் தகட்டில் நேராக முடுக்கிவிடலாம். கோணம் அதிகமாக அதிகமாக நீளவாக்கு உறுதி கூடும், விலையும் பல மடங்கு ஏறும். கேட்டவுடனே 60 டிகிரிதான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1605-இன் மரைப் பள்ளத்தின் அடியில் விட்டம் சுமார் 13 மி.மீ., அதில் 500 மி.மீ. நீளத்தை எடுத்தால் ஸ்க்ரூவின் சொந்த உறுதி ஒரு மைக்ரானுக்கு ஏறக்குறைய 55 நியூட்டன்தான், அதாவது 300 நியூட்டன் வெட்டு விசையில் ஸ்க்ரூவே ஐந்தரை மைக்ரான் நீளும் அல்லது சுருங்கும். ஸ்க்ரூவும் பேரிங்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஸ்பிரிங் மாதிரி, மெலிந்ததுதான் மொத்தத்தையும் தீர்மானிக்கும். இவ்வளவு மெலிந்த ஸ்க்ரூவுக்கு 60 டிகிரி பேரிங் போடுவதால் கிடைக்கும் லாபம் அங்கிள் வெட்டும் எம்டிஎஃப் பலகையில் கண்ணுக்குத் தெரியாது. அதுவே 32 மி.மீ. ஸ்க்ரூ என்றால் அந்த அடிவிட்டம் 28 பக்கம் வரும், அதே 500 மி.மீ.க்கு உறுதி 250-ஐத் தாண்டும், அங்கே 7000 வகை ஜோடிதான் பலவீனமான கண்ணியாகிவிடும். இரும்பு வெட்டும் மில்லிங் மெஷின், குட்டையான தடித்த ஸ்க்ரூ, இதற்கெல்லாம் 60 டிகிரிக்குச் செலவழியுங்கள், மர ரூட்டருக்கு ஒழுங்கான 7001 ஜோடி போதும்.

ஆனால் கடையில் 7001 என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். சி என்ற எழுத்தோடு வருவது 15 டிகிரி, வெட்டும் கருவியை வேகமாகச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கு ஆனது, நமக்கு வேண்டியது 30 டிகிரி வகை. ஜோடியாக முகம் அரைத்துச் சேர்த்ததாகவும் இருக்க வேண்டும், தனித்தனியாக இரண்டு வாங்கிச் சேர்த்தால் அழுத்தம் எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நல்ல கம்பெனி பிளாக்குகளில் இந்த ஜோடி முகத்துக்கு முகம் பார்த்து இருக்கும். முதுகுக்கு முதுகு வைத்தால் சாய்வைத் தாங்கும் பலம் கூடும். அது நல்லதுதானே என்று கேட்கலாம், ஆனால் ஸ்க்ரூவும் ரெயிலும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் அமைவது அபூர்வம், அந்தச் சின்னக் கோணலை முகத்துக்கு முகம் வைத்த ஜோடி விட்டுக்கொடுக்கும், முதுகுக்கு முதுகு ஜோடி எதிர்த்து நின்று சூடாகும். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. முகத்துக்கு முகம் வைத்த ஜோடியை இறுக்குவது லாக் நட் இல்லை, முன்னால் நான்கு திருகில் நிற்கும் மூடிதான், அது வெளி வளையங்களை அழுத்த வேண்டும். மூடி முழுக்கப் படிந்து உடலோடு ஒட்டிவிட்டால் அது பேரிங்கைத் தொடவே இல்லை என்று அர்த்தம். மூடிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு முடியளவு இடைவெளி தெரிய வேண்டும். அங்கிளின் பிளாக்கில் புது 7001 ஜோடி போட்ட பிறகும் மூடி ஒட்டித்தான் உட்கார்ந்தது, பேரிங்குக்கும் மூடிக்கும் நடுவே வெளி வளையத்தை மட்டும் தொடும்படி ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் வெட்டிப் போட்டோம். நான்கு திருகையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். மறுபடி கேஜ் வைத்தபோது முள் 0.01-க்குள் நின்றது. கையால் சுற்றினால் லேசான எதிர்ப்பு, எங்கேயும் கரகரப்பு இல்லை.

இனி எழுத்துகள். ஈகே-யும் பிகே-யும் அடிப்பலகையில் கால் வைத்து நிற்பவை. ஈகே சின்ன அளவுகளுக்கு, இலேசான வேலைக்கு, பிகே கட்டையாக இருக்கும், பெரிய அளவுகளிலும் கிடைக்கும். இவற்றில் உள்ள வசதி, உயரம் போதவில்லையென்றால் அடியில் ஷிம் வைக்கலாம், பக்கவாட்டில் நகர்த்தி நேர் பார்க்கலாம். இடைஞ்சலும் அதுதான், ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் மறுபடி நேர் பார்க்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்: 15 அளவில் பிகே-யின் மைய உயரம் 28 மி.மீ., ஈகே-க்கு 30, ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் இன்னொன்றும் போட்டால் ஸ்க்ரூ 2 மி.மீ. சாய்ந்து நிற்கும். எஃப்கே வட்ட விளிம்பு உள்ளது, தகட்டில் போரிங் போட்ட ஓட்டைக்குள் இறங்கி உட்காரும். ஷிம் வைத்துச் சரிசெய்ய வழியில்லை, ஓட்டை தவறினால் தவறியதுதான். ஆனால் நல்ல போரிங் மெஷின் வசதி இருந்தால் எஃப்கே-யைத்தான் சொல்வேன், கழற்றி மாட்டினாலும் அதே மையத்துக்குத் திரும்ப வரும், விசையும் தகட்டில் நேராக இறங்கும்.

மூன்றிலும் 12 அளவுக்கு ஷாஃப்ட் 12-தான் என்றாலும் முனையில் எவ்வளவு நீளத்துக்குக் கடைய வேண்டும் என்பது மாறும். ஸ்க்ரூவின் முனையைக் கடையக் கொடுக்கும் முன்பே எந்த பிளாக் என்று முடிவு செய்திருக்க வேண்டும், அந்த பிளாக்கின் படத்தைத்தான் லேத்காரரிடம் கொடுக்க வேண்டும்.

மறுமுனைக்கு வருவோம். அங்கே பிஎஃப் அல்லது ஈஎஃப், உள்ளே ஒரே ஒரு டீப் குரூவ் பேரிங். அங்கிள் பிஎஃப்12-ஐயும் 12 மி.மீ. ஷாஃப்டோடு கேட்டு, "ரெண்டும் பன்னெண்டுதானே தம்பி?" என்றார். இல்லை, பிஎஃப்12-இல் இருப்பது 6000 பேரிங், ஓட்டை 10 மி.மீ. பிஎஃப்15-இலோ ஓட்டை 15-தான். எண்ணை நம்பாமல் படத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் மலிவான பிளாக்கே போதும், ஒரே நிபந்தனை, வெளி வளையம் கூட்டுக்குள் நீளவாக்கில் நகர இடம் வேண்டும். உள் வளையத்தை ஷாஃப்டில் சர்க்கிளிப் பிடித்துக்கொள்ளும், அது போதும். ஆடுகிறது என்று பசை போட்டு ஒட்டியவர்கள் உண்டு, ஒட்டினால் ஸ்க்ரூ சூடாகி நீளும்போது போக இடமில்லாமல் போகும். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் வளரும், 5 டிகிரி என்றால் 60 மைக்ரான். அதை வளரவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்தால் 13 மி.மீ. ஸ்க்ரூவில் சுமார் 1,600 நியூட்டன் விசை பேரிங்கில் போய் விழும்.

இரண்டு பக்கமும் பிகே போட்டால் பலம் கூடாதா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். கூடும், பயணத்தில் மிக மோசமான இடங்களை ஒப்பிட்டால் ஸ்க்ரூவின் உறுதி 4 மடங்கு ஆகும். ஆனால் முன்கூட்டியே ஸ்க்ரூவை இழுத்துக் கட்ட வேண்டும், சட்டமும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். வேகத்துக்காகத்தான் என்றால் முதலில் தேவை இருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் நீள 1605, ஒரு முனை பிகே, மறுமுனை பிஎஃப் என்றால் வழக்கமான பாதுகாப்பு அளவோடு நிமிடத்துக்கு 1,960 சுற்று வரை போகலாம், அதாவது நிமிடத்துக்கு 9.8 மீட்டர். இரண்டும் பிகே என்றால் 2,850 பக்கம். மறுமுனையைச் சும்மா விட்டால் 440 சுற்றிலேயே ஸ்க்ரூ கயிறு போல் சுழலத் தொடங்கும் ஆபத்து. அலமாரி வேலைக்கு நடுவில் உள்ளதே தாராளம். சும்மா விடுவது மேலும் கீழும் போகும் குட்டையான இசட் அச்சுக்கு மட்டும்.

இசட் என்றதும் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, ஞாபகம் வருகிறது. 2023-இல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போனது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவு, மோட்டார் விட்ட நொடியில் ஸ்பிண்டில் தன் எடையிலேயே இறங்கிவிடும். கீழே போய் மோதும் அடி முழுவதும் ஸ்க்ரூவை நீளவாக்கில் பிடித்திருக்கும் பிளாக்கின் பேரிங்கில்தான் விழும், வளையத்தில் குண்டுகள் பதிந்த பள்ளம் உண்டாகும், பிறகு சுற்றும்போது கணுக்கணுவாகத் தட்டும். அங்கே 7001-ஆ 60 டிகிரியா என்று யோசிக்கும் முன் பிரேக் உள்ள மோட்டார் வாங்குங்கள், பேரிங்கைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகுதான்.

அங்கிள் இப்போது இரண்டாவது மெஷினுக்கு இரும்பு வெட்டத் தொடங்கிவிட்டார். இசட்டுக்கு 2005 ஸ்க்ரூ, தலைப்பக்கத் தகட்டில் எஃப்கே15, மோட்டாரில் பிரேக். எக்ஸ், ஒய்க்கு அதே 1605-தான், பிகே12 கூடுகளை மலிவில் வாங்கிக்கொண்டு 7001 ஜோடிகளை மட்டும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரவழைக்கிறோம். பெட்டி வந்து சேர்ந்த அன்று அவர் பக்கியில், இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர், நேராக என் வாசலுக்கே கொண்டு வந்தார். இந்தத் தடவை பிளாக்கைப் பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு மூடியையும் வெளிச்சத்தில் பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.