ஆவாரை விதை வாங்கின பண்ணை: 2 வருசம் வளர்த்துப் பார்த்த பிறகு

காங்கேயத்துக்கும் வெள்ளகோயிலுக்கும் நடுவில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே பிரிகிற ஓர் இட்டேரியில் (இரண்டு பக்கமும் வேலி உள்ள மண் பாதை) இருக்கிறது அந்த நாற்றுப் பண்ணை. போர்டு கிடையாது, முன்னால் நிற்கிற பெரிய வெள்வேல மரந்தான் அடையாளம். நாட்டு மரக்கன்றும் காட்டுச்செடி விதையும் மட்டும் விற்கிறார்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் போய் 10 ஆவாரங்கன்றும் (கன்று 25 ரூபாய்) 100 கிராம் விதையும் (80 ரூபாய்) வாங்கி வந்தேன். செடி 2 கோடை தாண்டட்டும், பிறகு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன்.

காசு கொடுத்து ஆவாரை வாங்குவதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவோம். வாசல் நிலை, மாட்டுக் கொட்டாய், கிணத்து மேடு, காட்டு மூலை (காடு என்றால் எங்களுக்கு மானாவாரி நிலம்) என்று ஓர் இடம் விடாமல் செருகுவோம். சின்ன வயசில் அப்புச்சியோடு (அம்மாவின் அப்பா) இட்டேரியில் பத்து நிமிசம் நடந்தால் கை நிறையப் பூ. இதன் பட்டையை உரித்து வண்டி வண்டியாக ஈரோட்டில் தோல் பதனிடும் ஷாப்புக்கு ஏற்றி விட்ட கதையையும் அவர் அப்போதுதான் சொல்வார். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள், காடு சைட்டாயிற்று. ஒரு வருசம் பஸ் ஸ்டாண்டு முன்னால் வாடின பிடி ஒன்றை 20 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அமுச்சி (அம்மாவின் அம்மா) அதைக் கையில் வாங்கவே இல்லை. "ஆவாரம்பூவக் காசு குடுத்தா கண்ணு வாங்கியாந்தே?" என்றார். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

விதையைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பண்ணைக்குப் போக வேண்டியதே அதற்காகத்தான். காய் நன்றாக முற்றி எடுத்தது, பூச்சி அரித்தது ஒன்றுகூட இல்லை. பணம் வாங்கும் முன்னால் பண்ணைக்கார அண்ணன் ஒரு விதையைத் தரையில் கிடந்த ஒட்டாஞ்சல்லியில் தேய்த்துக் காட்டினார். "இதுக்கு ஓடு கெட்டிங்க. அப்படியே போட்டா மழைக்கும் அசையாது. இந்த மாதிரித் தேச்சு, ராத்திரி தண்ணில ஊறப் போட்டுக் காலைல நடுங்க." சோதித்துப் பார்த்தேன். தேய்க்காமல் போட்ட 40 விதையில் முளைத்தது 5. தேய்த்து ஊறவைத்த 40-இல் 31 முளைத்தது. தேய்க்காத இடத்தில் அடுத்த வருச மழைக்கும் இரண்டு மூன்று எட்டிப் பார்த்தன.

கன்று விசயத்தில் எனக்குக் குறை உண்டு. சின்னப் பாக்கெட்டில் ரொம்ப நாள் நின்ற கன்றுகள் அவை. கவரைக் கிழித்தால் ஆணிவேர் அடியில் கயிறு மாதிரி சுருண்டிருந்தது. முதல் சித்திரையிலேயே 3 காய்ந்து போயின. இன்னும் 2 ஆவாரையே இல்லை, அழகுக்கு வைக்கிற வேறு ஏதோ மஞ்சள் கொன்றை. வாங்கும்போதே நான் பார்த்திருக்கலாம். ஆவாரைக்கு ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் காது மாதிரி அகலமாக ஓர் இலைச் செதில் இருக்கும், உதிராது. அந்தக் காது இல்லை என்றால் எடுக்காதீர்கள். போய்ச் சொன்னதும் அவர் மறுபேச்சு பேசாமல் 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் கன்றைக் கவனித்து விற்றிருக்க வேண்டும். நேராக மண்ணில் முளைத்த செடிகள் ஒரே வருசத்தில் அந்தக் கன்றுகளை முந்திவிட்டன.

நான் வைத்தது வீட்டுக்குப் பின்னால் 12 சென்ட். சரளை மண், ஒன்றரை அடி தோண்டினால் சுண்ணாம்புக் கல். கொழுக்கட்டைப் புல்லும் தும்பையும் தானாக வந்த இடம், அவற்றைப் பிடுங்கவில்லை. கிளுவை வேலி ஓரமாகவும் புல்லுக்கு நடுவிலும் குழிக்கு 3 விதையாகப் போட்டேன். முதல் 2 மாசம் மழை இல்லாத வாரத்தில் மட்டும் ஒரு குடம். அதற்குப் பிறகு தண்ணீரே ஊற்றவில்லை. பக்கத்துக் காட்டு வெள்ளாடுகள் ஒருநாள் வேலி தாண்டி வந்து முருங்கையை மொட்டையடித்தன, ஆவாரையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

புரட்டாசியில் பச்சைப் புழு வந்து 4 செடியில் இலையைத் தின்றது. பயந்து பண்ணைக்குப் போன் பண்ணி மருந்து கேட்டேன். "மருந்து வேண்டாமுங்க, அது பட்டாம்பூச்சிப் புழு, தின்னுட்டுப் போகட்டும்" என்றார். விற்கிற ஆள் ஒரு பாட்டிலைத் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. பத்துப் பதினைந்து நாளில் வெளிர் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பறந்தன, மழைக்கு இலையும் துளிர்த்துவிட்டது.

இப்போது காலை 8 மணிக்கு வீட்டுக்குப் பின்னால் போனால் கருவண்டுச் சத்தந்தான். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும். அதுவும் நுனியில் மட்டும் துளை உள்ள மகரந்தப் பைக்குள் அடைந்திருக்கும். வண்டு பூவைக் கட்டிப் பிடித்து உறுமுகிற அதிர்வில்தான் வெளியே கொட்டும். நின்று பாருங்கள், வயிறெல்லாம் மஞ்சளாக எழுந்து போகும். இதற்காகவே தினமும் டம்ளர் காபியோடு அங்கே நிற்கிறேன்.

போன போகிக்கு எங்கள் செடியிலேயே அறுத்தோம். வீதியில் 6 வீட்டுக்கும் கொடுத்தேன். அறுத்த கிளையில் மாசிக்குள் புதுக் கொப்பு வந்துவிட்டது. அமுச்சிக்கு இப்போது நடக்க முடியாது, கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்தான் காப்பைக் கட்டித் தந்தார்.

போகிறவர்கள் கன்றை விட்டுவிட்டு விதை மட்டும் வாங்குங்கள். 12 சென்டுக்கு 100 கிராம் ரொம்ப அதிகம், கால்வாசிகூட எனக்குத் தீரவில்லை. மதியம் 1 மணியிலிருந்து 3 வரை ஆள் இருக்காது. பூளைப்பூ விதை கேட்டேன், விற்பதில்லையாம். "உங்க காட்டுலயே வருமுங்க, களையின்னு வெட்டாம உடுங்க" என்றார். இந்தக் கார்த்திகையில் வேலி ஓரம் ஒரு கொத்து வந்திருக்கிறது.