மேல்மலைக்காரர்களே, டொமைனை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் எங்களுக்குப் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்து விசாரிப்பவர்கள் அதிகமானார்கள். வடுகபட்டி மண்டியில் மூட்டையை இறக்கிக் கமிஷன் கொடுப்பதைவிட நேரே விற்கலாமே என்று அண்ணனும் நானும் வெப்சைட் போட முடிவு செய்தோம்.

டொமைனுக்கு, அதாவது வெப்சைட் முகவரிக்கு, தாத்தா காலத்துத் தோட்டப் பெயரைத்தான் வைக்க நினைத்தோம். வெப்சைட் செய்ய வந்தவர், "அதை யாருங்க தேடுவாங்க? ஊர்ப் பெயரோட மலைப்பூண்டைச் சேர்த்து வைங்க, கூகுள்ல முதல்ல வரும்" என்றார். சரி என்று விட்டோம். முதல் தப்பு அங்கேதான். பூண்டு என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் இரண்டு ஓ போட்டு எழுதுவார், இன்னொருவர் ஒரே யூ போடுவார். போனில் சொன்னால் பாதிப் பேர் வேறெங்கோ போய் நின்றார்கள்.

டாட் இன் (.in) என்று முடியும் அந்தப் பெயருக்கு வருடம் 3,500 ரூபாய் வாங்கினார். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை அது என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் வருடம் வேறு ஆளிடம் வேலையைக் கொடுக்கப் போனபோது, டொமைனை மாற்றித் தர 25,000 கேட்டார். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் பார்த்தால், உரிமையாளர் நிறுவனம் என்ற இடத்தில் அவர் கம்பெனி பெயர் இருக்கிறது! மின்னஞ்சலும் அவருடையது, கணக்கும் அவருடையது. வேறு ரிஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) மாற்றத் தேவையான ரகசியக் குறியீடும் அந்தக் கணக்குக்குள்தான். பணம் கட்டிய ரசீதுகளில் 'வெப்சைட் பராமரிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தார்.

டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு. தகராறு வந்தால் ஐஎன்டிஆர்பி என்ற விதிப்படி அங்கே புகார் செய்யலாம். ஆனால் அந்தப் பெயரில் நமக்கு உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மலையின் பொதுச்சொத்து. அதை எங்கள் பெயர் என்று எப்படிச் சொல்வது? தாத்தா வைத்த பெயராக இருந்திருந்தால் பில் புத்தகத்தையாவது கொண்டுபோய்க் காட்டியிருப்போம். இதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது தோட்டப் பெயரிலேயே புதிதாக வாங்கியிருக்கிறோம். அண்ணன் மின்னஞ்சல், அண்ணன் போனுக்கு ஓடிபி, ரிஜிஸ்ட்ராருக்கு நேரடியாகப் பணம். முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையையும் கேட்டுக்கொண்டோம். வெப்சைட் செய்பவரிடம் டொமைன் கணக்கைக் கொடுக்கவில்லை. அவர் கேட்கிற டிஎன்எஸ் மாற்றத்தை, அதாவது முகவரி எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற அமைப்பை, நாங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்தோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பழைய முகவரி அச்சடித்த சாக்குப்பைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்து அந்த வெப்சைட்டுக்குப் போனால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். அங்கே இப்போது இருக்கும் போன் நம்பர் எங்களுடையது இல்லை.