ஆறு குளிர்காலம், நான்கு ஹீட்டர்: என் அனுபவம்

வீட்டைச் சூடாக்க இந்த ஆறு வருடத்தில் நான்கு விதமான ஹீட்டர்களைப் பயன்படுத்திவிட்டேன். வாங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஃபேன் ஹீட்டர், 2000 வாட். சுவிட்சைப் போட்டதுமே சூடான காற்று வரும். நிறுத்திய பத்து நிமிடத்தில் அறை பழையபடி சில்லிட்டுப் போகும். சூடாவது காற்று மட்டும்தான், சுவரும் தரையும் குளிர்ந்தே கிடக்கும். இரவெல்லாம் இரைச்சல் வேறு. குளித்துவிட்டு உடை மாற்றும் நேரத்துக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. தூங்கும் அறைக்கு வேண்டாம்.

சிவப்பாகத் தகிக்கும் ராட் ஹீட்டர் வேறு ரகம். வெயிலில் உட்கார்ந்த மாதிரி எதிரில் இருப்பவர் மேல் நேராகச் சூடு படும். முகம் காயும், முதுகு நடுங்கும். மேசையில் தனியாக வேலை செய்பவருக்குப் போதும். சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதிக காலம் எங்களோடு இருந்தது ஆயில் ஹீட்டர்தான். உள்ளே அடைத்த எண்ணெய் தீராது, மாற்றவும் வேண்டாம். அறை சூடேற முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆனால் சத்தமே கிடையாது, அணைத்த பிறகும் நெடுநேரம் கதகதப்பு நிற்கும். கரண்ட் மிச்சமாகும் என்று நம்பித்தான் வாங்கினேன், அது நடக்கவில்லை. கம்பிச்சுருளைச் சூடாக்கி வெப்பம் தரும் எந்த ஹீட்டரும் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும். எண்ணெய் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து விழித்தேன். ஹீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறி, பிளக் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்தது. அன்றிலிருந்து சுவரில் உள்ள பவர் பிளக்கில் மட்டுமே செருகுகிறேன். நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

இப்போது இரண்டு வருடமாக ஹீட் மோட் உள்ள இன்வெர்ட்டர் ஏசி. இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவருகிறது. அதனால் மிதமான குளிரில் 1 யூனிட்டுக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். மின்கட்டணத்தில் வித்தியாசம் முதல் மாதமே தெரிந்தது. வெளியே குளிர் கூடக்கூட இந்தக் கணக்கு குறையும். வெளி யூனிட்டில் உறைபனி படிந்தால் அதை உருக்கச் சில நிமிடம் சூடு நின்றுபோகும். பழுது என்று நினைத்து முதல் தடவை பதறிவிட்டேன். சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால் காற்றுத் தகடுகளைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்.

கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இன்னொன்று. கதவுக்கடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பழைய வேட்டியை இறுக்கிச் சுருட்டி அங்கே வைத்த இரவு, ஆயில் ஹீட்டரின் சூட்டு அளவை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தும் குளிரவில்லை. ஏசி வந்த பிறகும் அந்த வேட்டிச் சுருள் அங்கேயேதான் இருக்கிறது.