24 மணி நேர பிபி டெஸ்ட்: அம்மாவுக்கு எடுத்தோம், காசுக்கு மதிப்பு இருக்கா?

மூணு மாத்திரை போட்டும் பிபி இறங்காதவங்க வீட்ல இருந்தா, நாலாவது மாத்திரைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்ட ஒருதடவ எடுத்துருங்க. திருச்சில ஒரு லேப்ல எடுத்தோம், 2000 ரூபா ஆச்சு. லேப் பேரு போடல, ஏன்னா நான் சொல்ல வர்றது டெஸ்ட்ட பத்தி, எந்த ஊர்ல எடுத்தாலும் இதே கதைதான்.

அம்மாவுக்கு 64 வயசு. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூணும் ஃபுல் டோஸ்ல ஓடிட்டு இருந்துச்சு, அப்பவும் டாக்டர் ரூம்ல பாத்தா 170/96. இப்படி வேற வேற வகையில மூணு மருந்து, அதுல ஒண்ணு நீர் பிரியுற மாத்திரை, மூணையும் முழு அளவுல போட்டும் 140/90க்கு கீழ வரலன்னா அதத்தான் ரெசிஸ்டன்ட் ஹைபர்டென்ஷன்னு சொல்றாங்க. அமெரிக்கால 2018லேருந்து 130/80ன்னே கணக்கு வெக்கிறாங்க. எக்கோல இதயத்தோட இடது பக்கச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்குன்னு வந்துச்சு, அதப் பாத்ததுலேருந்து எனக்கு சரியா தூக்கம் இல்ல. ரத்தத்த அவ்ளோ அழுத்தத்துக்கு எதிரா வருஷக்கணக்கா தள்ளித் தள்ளித்தான் அந்தத் தசை தடிக்குது, அப்படியே விட்டா ஹார்ட் ஃபெயிலியர் வரைக்கும் போகும்.

எங்க கார்டியாலஜிஸ்ட் உடனே மாத்திரைய கூட்டல, முதல்ல இந்த நம்பர் நெஜமான்னு பாத்துருவோம்னு சொல்லி இந்த டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தாரு. அவர் அப்படி சொன்னதுக்கு காரணம் இருக்கு. ஸ்பெயின்ல ரெசிஸ்டன்ட்னு முத்திர குத்தின 8295 பேருக்கு இதே 24 மணி நேர மெஷின மாட்டிப் பாத்திருக்காங்க, 2011ல ரிசல்ட் வந்துச்சு, அதுல 37.5 சதவீதம் பேருக்கு வீட்ல பிபி கண்ட்ரோல்லதான் இருந்துருக்கு, டாக்டர் முன்னாடி உக்காந்தா மட்டும் ஏறுது. மூணுல ஒருத்தருக்கு மேல! அவங்களுக்கெல்லாம் மாத்திரைய ஏத்திக்கிட்டே போயிருந்தா தலை சுத்தி விழ வேண்டியதுதான்.

டெஸ்ட் எப்படின்னா, இடுப்புல பெல்ட் போட்டு ஒரு சின்ன மெஷின், அதுலேருந்து ஒரு டியூப் போயி மேல் கைல பட்டை. பகல்ல 20 நிமிஷத்துக்கு ஒருக்கா, ராத்திரி அரை மணிக்கு ஒருக்கா தானா இறுக்கிப் பாக்கும். இறுக்குறப்ப பாத்திரம் தேய்ச்சாலும் சரி ரோட்ல நடந்தாலும் சரி கைய தொங்க விட்டு அசையாம நிக்கணும், அசைஞ்சா எரர் காட்டிட்டு கொஞ்ச நேரத்துல மறுபடி இறுக்கும், அதுதான் அம்மாவுக்கு ரொம்ப எரிச்சலாயிருச்சு. அன்னிக்கு குளிக்க முடியாது, காலைலயே குளிச்சிட்டுப் போங்க. எத்தன மணிக்கு படுத்தாங்க, எந்திரிச்சாங்க, மாத்திரை போட்டாங்கன்னு எழுத ஒரு தாள் குடுப்பாங்க, அத ஒழுங்கா எழுதுங்க, ஏன்னா ரிப்போர்ட்ல பகல் ராத்திரின்னு பிரிக்கிறது அத வெச்சுதான்.

ஒரு குறை சொல்லியே ஆகணும். மாட்டிவிட்ட பொண்ணு முதல்ல எல்லாருக்கும் போடுற சைஸ் பட்டையவே எடுத்துச்சு. அம்மாவுக்கு கை கொஞ்சம் பருமன், அளந்து பாத்தீங்களாம்மான்னு கேட்டதுக்கப்புறம்தான் டேப் எடுத்து அளந்து பெரிய சைஸ் மாத்துச்சு. இது சின்ன விஷயமே இல்லீங்க. 2023ல அமெரிக்கால ஒரு ஆய்வுல எக்ஸ்ட்ரா லார்ஜ் பட்டை வேண்டிய கைக்கு சாதா பட்டையப் போட்டு அளந்துருக்காங்க, மேல் நம்பர் சராசரியா 19.5 பாயிண்ட் கூடக் காட்டிருக்கு, அடுத்த சைஸ் வேண்டியவங்களுக்கே 5 பாயிண்ட் கிட்ட கூட. ஒரு புது மாத்திரை குறைக்கிறதவிட பெரிய வித்தியாசம் வெறும் துணிப் பட்டையில வருது, அத கேக்காமலே செய்ய வேணாமா?

ராத்திரிதான் கஷ்டம். ஒவ்வொரு தடவை இறுக்குறப்பவும் முழிப்பு வந்துருச்சுன்னு அம்மா சொன்னாங்க. ஆனா அந்த ராத்திரி நம்பர் இருக்கே, அதுக்காகவே காசு குடுக்கலாம், அத சாதாரணமா வீட்ல வெச்சிருக்க மெஷின்ல எடுக்க முடியாது. தூங்குறப்ப பிபி பகல விட 10லேருந்து 20 சதவீதம் இறங்கணும். அம்மாவுக்கு வந்தது பகல் சராசரி 144/84, ராத்திரி 140/79, மொத்த சராசரி 143/82. இதுல ராத்திரி 120/70க்கு கீழயும், மொத்தம் 130/80க்கு கீழயும் இருக்கணும். அதாவது டாக்டர் ரூம்ல காட்டுன 170 நெஜமில்ல, ஆனா பிபி ஏறிதான் இருக்கு, முக்கியமா ராத்திரி இறங்கவே மாட்டேங்குது. இப்படி இறங்காதவங்களுக்கு ஸ்ட்ரோக், ஹார்ட் பிரச்சனை ரிஸ்க் கூடுதல்.

இந்த ஒரு தாளு கேள்வியையே மாத்திருச்சு. ராத்திரி ஏன் இறங்கலன்னு டாக்டர் தோண்ட ஆரம்பிச்சாரு. குறட்டை விடுறாங்களான்னு கேட்டாரு, அப்பா பட்டுனு ஆமான்னாரு, தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பாக்க தனி டெஸ்ட் எழுதிருக்காரு. முட்டி வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கி அம்மா அப்பப்ப போட்டுட்டு இருந்துருக்காங்க, அந்த மாதிரி வலி மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சு பிபி மருந்த வேலை செய்ய விடாது, இந்த மருந்துங்களோட சேந்தா கிட்னிக்கும் கேடு, அத உடனே நிப்பாட்டினாரு. கிட்னிக்கு மேல இருக்க அட்ரினல் சுரப்பி, உடம்புல உப்ப பிடிச்சு வெக்கிற அல்டோஸ்டிரோன்ங்கிற ஹார்மோன அளவுக்கு மேல சுரக்குதான்னு ரத்தம் எடுத்தாங்க. சாப்பாட்டுல கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் குறையணும்னாரு, ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ளன்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்க வீட்டு ரசத்துலயே பாதி போயிரும்.

அதுக்கப்புறம்தான் நாலாவது மருந்து, ஸ்பைரோனோலாக்டோன் 25. ரொம்ப பழைய மருந்து, விலை கம்மி. பிரிட்டன்ல பாத்வே-2ன்னு ஒரு ஆய்வு, 2015ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. மூணு மாத்திரைக்கு அடங்காதவங்களுக்கு இது, பிசோப்ரோலால், டாக்சசோசின், மருந்தே இல்லாத சும்மா மாத்திரை நாலையும் மாத்தி மாத்தி 12 வாரம் குடுத்துப் பாத்தாங்க, இதுதான் ஜெயிச்சுச்சு, சும்மா மாத்திரைய விட 8.7 பாயிண்ட் கூடக் குறைச்சுச்சு. எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது, அவங்க ரிசல்ட்டுக்கு எடுத்துக்கிட்டது டாக்டர் ரூம் ரீடிங்க இல்ல, பேஷன்ட்டுங்க வீட்ல தாங்களே எடுத்த ரீடிங்க. ஆனா இது யூடியூப் பாத்து வாங்கிப் போடுற மாத்திரை இல்ல. டெல்மிசார்டனோட சேரும்போது ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், ஏறுனா இதயத் துடிப்பே தாறுமாறாயிரும், அதனால சீக்கிரமே பொட்டாசியமும், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினினும் பாக்கச் சொல்லிட்டாரு.

சொந்தத்துல ஒருத்தர் கிட்னி நரம்ப சுடுற ட்ரீட்மென்ட் இருக்காமே, அதயே பண்ணிடலாமேன்னாரு. இருக்கு, 2023 நவம்பர்ல அமெரிக்கால ரெண்டு கருவிக்கு அனுமதியும் குடுத்தாங்க. ஆனா 2014ல வந்த சிம்ப்ளிசிட்டி ஹெச்டிஎன்-3 ஆய்வ அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டாரு. 535 பேருல ஒரு பங்குக்கு நெஜமாவே நரம்ப சுட்டாங்க, இன்னொரு பங்குக்கு செஞ்ச மாதிரி மட்டும் காட்டினாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா செஞ்சவங்களுக்கு 14 பாயிண்ட் கிட்ட குறைஞ்சுது, ஒண்ணுமே செய்யாதவங்களுக்கும் கிட்டத்தட்ட 12 குறைஞ்சுது! பாக்ஸ்ட்ரோஸ்டாட்னு அல்டோஸ்டிரோன் சுரக்குறதயே தடுக்குற ஒரு புது மாத்திரைய 2022ல சோதிச்சப்பவும் அப்படித்தான், 2 மில்லிகிராம் போட்டவங்களுக்கு 20, சும்மா மாத்திரை போட்டவங்களுக்கும் 9க்கு மேல இறங்குச்சு. புது மருந்து நல்லாவே வேலை செஞ்சிருக்கு, அதுல சந்தோஷம்தான், ஆனா டாக்டர் ரூம் நம்பர் ஒண்ணுமே செய்யாம கூட இவ்ளோ ஆடும்னா அந்த ஒத்த நம்பர நம்பி நம்ம அம்மா அப்பாவுக்கு எப்படி முடிவெடுக்குறது சொல்லுங்க.

சரி லேபுக்கு வர்றேன். மெஷினுக்கும் ரிப்போர்ட்டுக்கும் 5க்கு 4 குடுப்பேன், பட்டை விஷயத்துக்காக ஒண்ணு குறைச்சிருக்கேன். ரிப்போர்ட் மறுநாளே வந்துருச்சு, மணிவாரியா கிராஃப் தெளிவா இருந்துச்சு. உங்க ஊர்ல புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு விஷயம் கேளுங்க: பெரிய பட்டை இருக்கா, ரீடிங் நிறைய எரர் ஆச்சுன்னா காசு வாங்காம திரும்ப மாட்டுவீங்களா. எடுத்த ரீடிங்ல 70 சதவீதமாவது சரியா விழுந்திருக்கணும், பகல்ல 20, ராத்திரி 7 ரீடிங்காவது வேணும், இல்லன்னா ரிப்போர்ட்டு செல்லாது. அம்மாங்களுக்கு லூசான கை வெச்ச ஜாக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரைய அன்னிக்கும் வழக்கம்போல போடச் சொல்லுங்க, டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா மட்டும் அவர் சொன்னபடி.